என் கன்னத்துக்குப் பொருந்தாத ரோசா

வெளிநாட்டிலிருந்து வந்த சாச்சி எனக்கொரு சிறிய வட்டப் பெட்டி தந்தார். மூடியில் பழங்காலப் பாணியில் ரோசாப்பூக்கள். உள்ளே கன்னத்தில் பூசும் வெளிர் ரோசா நிறப் பவுடரும் ஒரு சின்னப் பஞ்சும் இருந்தன. முன்பு ரூஜ் என்றார்கள், இன்று பிளஷ் என்கிறோம்.

இந்த வட்டப் பெட்டிகளுக்கும் நாடக மேடைக்கும் உறவுண்டு. 1863இல் பாரிசில் தொடங்கிய பூர்ஷ்வா நிறுவனம் முதலில் நடிகர்களுக்கே ஒப்பனைப் பொருட்கள் செய்தது. அதன் ரூஜ் சாதாரணப் பெண்களின் கைப்பைக்குள் வந்தது பிறகுதான்.

மச்சியின் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, பெண்கள் மட்டும் இருந்த அறையில் அதைப் பூசிப் பார்த்தேன். கன்னம் சிவக்கவில்லை. கோதுமை மா ஒட்டியதுபோல் சாம்பல் பூத்தது. இன்னும் பூசினேன், இன்னும் மோசமானது. பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பிள்ளை சொன்னாள்: "முதல்ல முகத்துக்கு வெள்ளையா ஒன்டப் போடு. பிறகு இது எடுக்கும்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டிக்குள் இருந்த நிறம் எனக்குப் பொருந்தவில்லை என்றால் பெட்டியை மாற்ற வேண்டுமா, முகத்தை மாற்ற வேண்டுமா?

காரணம் மிக எளிது. வெளிர் ரோசா நிறம் வருவதற்காகச் சிவப்புடன் டைட்டேனியம் டைஒக்சைட் என்ற வெண்ணிறமியைச் சேர்க்கிறார்கள். வெள்ளைத் தோலில் அது தெரியாது. மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பலாகத் தெரியும். குறை பவுடரின் நிறத் தேர்வில் இருந்தது, என் தோலில் அல்ல.

மறுநாள் ராத்தாவின் பெட்டியிலிருந்த செங்கல் நிறத்தைக் கொஞ்சமாய்த் தொட்டு வைத்தேன். அந்தச் சிவப்பைத் தருவது பெரும்பாலும் இரும்பு ஒக்சைட். புத்தளத்துச் செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதுதான். உம்மம்மா என்னைப் பார்த்து, "வெயில்ல நின்டியா மகள்?" என்று கேட்டார். எனக்கு வேறு பாராட்டுத் தேவைப்படவில்லை.

தோழிகளே, அலங்காரத்தில் ஆசை வருவது குற்றமல்ல. எங்கே, யார் முன்னால் என்ற எல்லையை நாம் அறிவோம். ஆனால் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது என் முகத்துக்கு நிறம் சேர்க்கிறதா, அல்லது என் முகத்தையே மறைக்கிறதா?

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கன்னத்தில் துளி சிவப்பைக் கண்டால் ஏசுகிற வீடுகளிலேயே முகம் வெளுக்கும் கிறீம் அலுமாரியில் இருக்கிறது. அதை யாரும் அலங்காரம் என்று எண்ணுவதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் முதற்கேள்வியே "பிள்ளை நிறமா?" என்பதுதான். அத்தகைய கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது உலகறிந்த செய்தி. அது சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களைத் தடுக்க முனைந்ததும் இதனால்தான். இரவில் கழுவினால் போகிற ரூஜுக்குப் பயப்படும் நாம், தோலுக்குள் இறங்கும் நஞ்சுக்கும், "நீ கறுப்பு" என்று மனதுக்குள் இறங்கும் சொல்லுக்கும் அல்லவா அதிகம் பயப்பட வேண்டும்?

ரூஜ் என்பது வெட்கத்தின் நிறத்தைக் கடன் வாங்குவது. வெட்கத்தை ஈமானின் பகுதியாகப் படித்தவர்கள் நாம். ஆனால் அல்லாஹ் தந்த நிறத்துக்காக வெட்கப்பட நமக்கு யாரும் படித்துத் தரவில்லை. அதை நாமாகத்தான் பழகிக்கொண்டோம். நாமாகவே மறந்துவிடவும் முடியும்.

கல்யாண வீட்டிலிருந்து வந்து இஷாவுக்கு வுழூ செய்தேன். செங்கல் நிறம் தண்ணீரோடு போனது. கண்ணாடியில் மிஞ்சியிருந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. ரோசாப்பூப் பெட்டி இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. அதில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறேன்.