ஊரைக் காப்பவர் ஊராரே



பிழைப்பைத் தேடி நீங்கள் கோவைக்கோ திருப்பூருக்கோ வந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனாலும், "அட்டப்பாடிச் சுரத்தில் மண்சரிவு" என்ற செய்தி கேட்டவுடன் உங்கள் உள்ளம் அகளிக்குப் பறந்துவிடுகிறதல்லவா? அந்தக் கலக்கத்தைப் பயனுள்ள செயலாக மாற்றுவது எப்படி? இம்மாதம் அதைச் சிந்திப்போம்.

அகளியே நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. காடுகள் அழிந்து, மேல்மண் கரைந்து, அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி வறண்டுகிடந்த காலம் ஒன்றிருந்தது. அதை மீட்பதற்காக அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் (அஹாட்ஸ்) அகளியில் அமைந்தது. 1996இல் ஜப்பானின் கடனுதவிக்கு ஒப்பந்தமாகி, 2010 வரை திட்டம் நடைபெற்றது. தடுப்பணைகள் எழுந்தன; மொட்டைக் குன்றுகளில் மரங்கள் நடப்பட்டன. ஆயினும் அத்திட்டத்தின் உயிர்நாடி பணமன்று. இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்களில் 'ஊரு விகசன சமிதி' என்னும் குழுக்கள் அமைந்தன. தேவை எது என்பதை ஊரார் கூடிப் பேசினர். பணிகளிலும் அவர்களே கைகொடுத்தனர். வறண்டுபோயிருந்த கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீர் ஓடியது.

எந்தச் சரிவில் முன்பு மண் இறங்கியது, எந்த ஓடை எவ்வழியே பெருகும் என்பதை அங்கே வாழும் முதியவரே அறிவார். திட்டங்கள் ஒரு நாள் முடிந்துவிடும். அந்த அறிவும் ஒற்றுமையும் முடிந்துவிடலாகாது.

"ஊரைவிட்டு வந்த என்னால் என்ன ஆகும்?" என்று கேட்கிறீர்களா? 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஒருவர், புதுச்சேரியை அடுத்த தம் சொந்த ஊராகிய நல்லவாடுக்குத் தொலைபேசியில் ஆழிப்பேரலையைக் குறித்து எச்சரித்தார். அவ்வூரின் தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. உடனே அறிவிப்பு ஒலித்தது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். அழைத்தவர் தொலைவில் இருந்தார். செயல்பட ஊர் ஆயத்தமாயிருந்தது.

ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். தொலைத்தொடர்பு செயலற்றிருந்ததால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. ஆகவே பேரிடர் வந்தபின் அழைப்பது போதாது; மழைக்கு முன்னரே பேசிவிட வேண்டும்.

அடுத்த முறை வீட்டாரோடு பேசும்போது மூன்று காரியங்களைக் கேளுங்கள்:

1. சிவப்பு எச்சரிக்கை வந்தால் எந்தக் கட்டடத்தில், எவ்வழியாகச் சென்று தங்குவார்கள்?

2. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

3. நடக்க இயலாத பாட்டியைத் தூக்கிச் செல்பவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வரும்வரை விடாதீர்கள். அந்தப் பெயருக்குரியவர் உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியாகவே இருப்பார்.