புல்லைப் புதுப்பித்தார்கள், கடனை?

அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகம் தன் கோல்ஃப் மைதானத்தைச் செப்பனிட முனைந்தது. 1926-ல் திறந்த மைதானம் அது. நூறாண்டு நிறையும் 2026-ல் மறுதிறப்பு என்று காலமும் குறித்தார்கள். பொறுப்பேற்றவர் கில் ஹான்ஸ் என்ற வல்லுநர். புதிதாக ஒன்றைப் படைப்பதன்று அவருக்கு இட்ட பணி. சார்லஸ் பிளேர் மக்டானல்டும் சேத் ரேனரும் அன்று வகுத்த வடிவத்தை மீட்டுத் தருவதே பணி. காலப்போக்கில் சுருங்கிப்போன புல்பரப்பு பழைய அகலம் பெறவேண்டும். உருமாறிய மணற்குழிகள் பழைய ஆழம் பெறவேண்டும்.

சீமான்கள் ஆடும் ஆட்டத்துக்கு நம் ஏட்டில் இடம் எதற்கு என்று தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. யேல் என்ற அந்தப் பெயரே நமது சென்னையிலிருந்து கடல் கடந்து போன செல்வத்துக்குக் கிடைத்த பெயர்!

எலிஹு யேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-ல் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் செல்வம் குவித்தார் என்ற குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி இழந்தார். ஐரோப்பா செல்லும் கப்பல் ஒவ்வொன்றிலும் பத்து அடிமைகளையாவது ஏற்றவேண்டும் என்ற விதி, அவர் வீற்றிருந்த கோட்டைக் கவுன்சிலின் காலத்தில்தான் நடந்தது. 1718-ல் அந்தச் சீமான் நியூ ஹேவன் நகரத்துச் சிறு கல்லூரிக்கு 417 நூல்களும், ஜார்ஜ் மன்னரின் படமும், ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுன். கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பெயரை எந்தக் கட்டடம் சூட்டிக்கொண்டது?

இனி மைதானத்தின் கதைக்கு வருவோம். 1924-ல் பழைய மாணவர் ரே டாம்ப்கின்ஸ் நினைவாக அவருடைய மனைவியார் சுமார் 700 ஏக்கர் நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். காடும் சதுப்பும் பாறையுமான நிலம். வெடிவைத்துப் பாறையைப் பிளந்து, புல்லை வளர்த்தார்கள். வகுத்துத் தந்தவர்களின் பெயரை உலகமறியும்; பாறை பிளந்த கைகள் யாருடையவை என்று கேட்பவர் யார்? அதுமட்டுமா? நிலம் கொடுத்தவர் ஒரு பெண்மணி. யேல் கல்லூரியோ இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-ல்தான். பெண்ணிடம் நிலம் வாங்கத் தயங்காதவர்கள், பெண்ணுக்கு வகுப்பறையைத் திறக்க மேலும் 45 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்!

அதே நியூ ஹேவனில் 1831-ல் கறுப்பின இளைஞர்களுக்கென ஒரு கல்லூரி காண நல்லவர்கள் சிலர் முயன்றார்கள். நகரக் கூட்டம் கூடியது. வேண்டாம் என்றவர்கள் சுமார் 700 பேர். வேண்டும் என்றவர்கள் 4 பேர். எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ஒருவர் யேலின் சட்டப் பேராசிரியர் டேவிட் டாகெட். கறுப்பு மாணவனின் கல்விக்கு இடம் மறுத்த ஊரில், பின்னாளில் பந்து உருள 700 ஏக்கர் கிடைத்தது. இதைத் தற்செயல் என்பார்கள். யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையே நாம் இதில் காண்கிறோம்.

யேல் எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. அடிமை முறையோடு தன் முன்னோர்க்கிருந்த தொடர்புக்காக 2024 பிப்ரவரியில் அது வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. அந்த வரலாற்றை நூலாகவும் வெளியிட்டது. பாராட்டுகிறோம். கல்விக் கட்டடங்களுக்குச் சொத்துவரி விலக்குப் பெற்றிருக்கும் அப்பல்கலைக்கழகம், நகராட்சிக்கு ஆறாண்டுகளில் சுமார் 13.5 கோடி டாலர் தர 2021-ல் இசைந்தது. அதையும் வரவேற்கிறோம். ஆனால் 2024 ஜூனில் அதன் நிதிக் குவிப்பு சுமார் 4,140 கோடி டாலர்! மலையின் முன் வைத்த மடுவல்லவா இது?

கோல்ஃப் ஆட்டத்தின்மீது நமக்குப் பகையில்லை. மாணவர் விளையாடட்டும், புல் பசுமையாக இருக்கட்டும். நாம் சுட்டிக்காட்டுவது வேறு. நூறாண்டுக்கு முன் ஒரு மணற்குழி எவ்வளவு ஆழம் இருந்தது என்று தேடிக் கண்டுபிடித்து அதே ஆழத்துக்குத் தோண்ட முடிகிறது. பழையதை மீட்கும் ஆற்றலும் ஆர்வமும் பணமும் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்படியானால் மறுக்கப்பட்ட இடங்களையும் மீட்கலாமே! நியூ ஹேவனின் ஏழைப் பிள்ளைக்கு வகுப்பறையும் மைதானமும் எவ்வளவு அகலமாகத் திறக்கின்றன என்பதே அளவுகோல்.

மன்னிப்பு என்பது வாயிற்படி. வீட்டுக்குள் அழைத்து இருக்கை தருவதே நீதி. புல்லுக்குக் காட்டிய பொறுமையில் பாதியை மனிதருக்குக் காட்டினாலும் போதும். பழங்கடன் ஓரளவேனும் தீரும்.