வகுப்பறையில் மாணவர் குரலும் ஒலிக்கட்டும்



ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றில் படிக்கும் என் மகள், “நாள் முழுக்கக் குறிப்பெடுக்கிறோம், கேள்வி கேட்கத்தான் நேரமில்லை” என்கிறாள். இணைய வகுப்பிலும் இதே கதைதான்.

2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிய ஊர் சென்னை. அம்முறையில் அட்டைகளைக் கையில் எடுத்துத் தானே கற்ற குழந்தை, கல்லூரியில் ஏன் வாய்மூடி உட்கார வேண்டும்? 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க ஆய்வாளர்கள், அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் விரிவுரை மட்டுமே நடந்தால் சுமார் 34 சதவீதம் பேரும், மாணவர் பங்கேற்றால் 22 சதவீதம் பேரும் தோல்வியடைவதாகக் கண்டனர்.

சென்னை ஐஐடி பங்கேற்கும் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தின் காணொளிகளை இலவசமாகவே பார்க்கலாம். பாட விளக்கத்தை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு, வகுப்பில் நான்கு நான்கு பேராக அமர்ந்து கணக்குப் போடட்டும். இணைய வகுப்பில் பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி வரட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது; அங்குள்ள பட்டறைகளின் உண்மையான சிக்கல்களே செய்முறைப் பாடமாகட்டும். இதற்கான பயிற்சியையும் நேரத்தையும் பேராசிரியர்களுக்குக் கல்லூரி நிர்வாகங்கள் தர வேண்டும்.

— ஒரு தாய், அம்பத்தூர்