தண்ணீர் ஒன்றும் ஐஸ் இல்லை

"நம்ம ஊரு வெயிலுக்கு வாட்டர் கூலிங்தான்டா சரி" என்று சொல்லும் நண்பர்களோடு சண்டை போட்டே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. தண்ணீர் குளிரை உண்டாக்காது. புராசசரின் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கும், அவ்வளவுதான். ரேடியேட்டர் அதை அறைக்காற்றிடம் தள்ளிவிடும். மதியம் என் அறை 32 டிகிரி. எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொட்டினாலும் குழாயில் ஓடும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. சத்தம் குறையணும் என்று வாங்கினால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியே வாங்கினாலும் ரேடியேட்டரைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஆட்கள் தலைகீழ். கண்ணாடிப் பெட்டி, வண்ண விளக்கு, பால்போன்ற கலர் திரவம் எல்லாம் வாங்கிவிட்டு, மிஞ்சிய காசில் மலிவான அலுமினிய ரேடியேட்டர். புராசசர் மேல் உட்காரும் பிளாக்கோ செம்பு. இரண்டும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். எஸ்.பி.எம். வேதியியலில் படித்ததுதானே? கலர் திரவத்தின் துகள்கள் வேறு, பிளாக்கின் மெல்லிய இடுக்குகளில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

அதைக் கழற்றி, டூத்பிரஷ்ஷால் தேய்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது எனக்கு. ஆமாம், நானும் பிங்க் கலர்தான் வாங்கியிருந்தேன்.