மடிக்கணினிப் பரீட்சை

2025ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தமிழகச் சட்டசபையில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லக்ஷம் பேருக்கு இரண்டு வருஷங்களுக்குள் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படுமென்று அறிவிக்கப்பட்டு, அதற்கென 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டது. 2011ஆம் வருஷம் செப்டம்பரில் இத்தகைய திட்டம் தமிழகத்தில் முதன்முதல் ஆரம்பமான காலத்தில் எழுந்த கூச்சலே இப்பொழுதும் எழுந்தது. இது கல்வித் தொண்டா, தேர்தல் தந்திரமா, மூடியின்மேல் எவருடைய படம் விளங்கவேண்டும் என்பன பற்றி ஒரு கக்ஷியாரும் மறு கக்ஷியாரும் மண்டையை உடைத்துக்கொண்டனர். அவ்விவாதத்தில் இறங்க நமக்கு விருப்பமில்லை. ஜனங்களின் பணத்தால் வாங்கப்பட்டு, ஏழை மாணவன் ஒருவனுக்கு மூன்று நான்கு வருஷங்கள் வேறு கதியின்றி ஒரே கருவியாக அமையப்போகும் யந்திரம் எத்தன்மையது, அதைச் சோதித்தறிவது எவ்வாறு என்று கேட்டவர் மிகச் சிலரே. நாம் கேட்க விரும்புவது அதைத்தான்.

தம் கைப்பணத்தைக் கொடுத்துக் கடையில் வாங்கும் குடும்பத்தினரின் நிலையும் இதனின் வேறன்று. “பிராசஸர் ஐ3யா, ஐ5ஆ?” என்று கேட்கிறார்கள். கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்லுகிறார். பேரம் முடிந்துவிடுகிறது.

இவ்வாறு பெயரைக் கேட்டு மயங்குவதிலுள்ள அபாயத்துக்கு இரண்டு உதாரணங்கள் தருவோம். இன்டெல் கம்பெனியார் 2023ஆம் வருஷம் வெளியிட்டவற்றுள் ஐ3-1315யு என்பதும் உண்டு. ஐ3-என்305 என்பதும் உண்டு. முன்னதில் வேகம் மிக்க கோர்கள் இரண்டும், மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடும் கோர்கள் நான்கும் இருக்கின்றன. பின்னதில் இருப்பவை சிக்கனக் கோர்கள் எட்டு. வேகக் கோர் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் பெயர் ஐ3தான். ஆறைக் காட்டிலும் எட்டுப் பெரிதென்று சொல்லி விற்பதற்கும் இதில் வசதியுண்டு. இனி, ஏ.எம்.டி. கம்பெனியாரின் ரைஸன் 3 7320யு, ரைஸன் 5 7520யு என்பவற்றைப் பாருங்கள். 2022ஆம் வருஷம் வெளிவந்த இவற்றின் எண்கள் ஏழாயிரத்தில் தொடங்குவதால் அவ்வருஷத்துப் புதுச் சரக்கென்றே எவரும் எண்ணுவர். உள்ளே இருப்பதோ 2019ஆம் வருஷத்து ஸென் 2 அமைப்பு. இந்த யந்திரங்கள் எழுதவும் படிக்கவும் உதவாதவை என்று நாம் சொல்லவில்லை, நன்றாகவே உதவும். பழைய நெல்லைப் பழைய நெல்லென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்கட்டும் என்பதே நம் வாதம்.

ஆகவே பெயர்ச் சீட்டை ஒருபுறம் வைத்துவிட்டு யந்திரத்தையே பார்க்கவேண்டும். சந்தையில் உழவு மாடு வாங்கும் குடியானவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், அதனோடு நில்லாமல், ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டியும் பார்ப்பான். முதல் சாலில் துள்ளி ஓடிய மாடு நாலாம் சாலில் படுத்துக்கொள்வதுண்டு என்பது அவனுக்குத் தெரியும். மடிக்கணினியின் குணமும் இதுவே. இன்றைய பிராசஸர்கள் வேலை வந்த மாத்திரத்தில் சில விநாடிகள் தம் முழு வேகத்தையும் காட்டிவிட்டு, உஷ்ணம் ஏறியதும் தாமே வேகத்தைத் தணித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்து நிமிஷம் சோதித்து ஓர் எண்ணைக் குறித்து எழுதிவிடுவோர் காண்பது அந்தத் துள்ளலைத்தான். அச்சோதனையும் குளிர்சாதன அறையில் நடைபெறுகிறது. வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்து நடுப்பகலில், தகரக் கூரையின் கீழோ மின்விசிறி நின்றுபோன அறையிலோ அமர்ந்து படிக்கும் பிள்ளையின் கதை வேறு. வெளியே 40 டிகிரி இருக்கும்போது, உள்ளேயுள்ள உஷ்ணத்தை அச்சிறு விசிறி எங்கே கொண்டுபோய்த் தள்ளும்? ஒரே பிராசஸரைக் கொண்ட இரண்டு யந்திரங்களுள் ஒன்று அரைமணி நேரத்துக்குப் பின்பும் நிதானமாய் வேலை செய்ய, மற்றொன்று வேகம் பாதியாய்க் குறைந்து திணறுவதற்குக் காரணம், உஷ்ணத்தை வாங்கும் செப்புக் குழாயின் பருமனும், காற்றுப் போக்கின் அமைப்புமேயாகும். இவை எந்த விளம்பரத்திலும் காணப்படுவதில்லை.

வாங்குவோர் செய்யத்தக்க சோதனையோ மிக எளிது. அன்றாடம் செய்யும் வேலையையே செய்து பார்த்தால் போதும். இணையப் பக்கங்கள் பத்தைத் திறந்து, ஒரு வீடியோ வகுப்பை ஓடவிட்டு, நடுவே ஒரு கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, அரைமணி நேரம் கழிந்தபின் எழுத்து விரலோடு வருகிறதா, விரலுக்குப் பின்னே தயங்கி வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதையே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுமுறை செய்யவேண்டும்; மின்சாரம் இணைந்திருக்கையில் சிங்கமாயிருந்து, பேட்டரியில் பூனையாகிவிடும் யந்திரங்கள் பல. விசைகளுக்கு மேற்புறத்தில் கை வைக்கக் கூடவில்லையென்றால் அந்த யந்திரத்தை வேண்டாமென்று சொல்லத் தயங்கக்கூடாது.

உடலமைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்தால் திரை முறுக்கிக்கொள்ளலாகாது, கீல் தளர்ந்திருக்கலாகாது, ஜன்னலருகே வைத்தால் எழுத்துத் தெரியவேண்டும். 250 நிட்ஸ் ஒளியுள்ள மலிவுத் திரை வீட்டுக்குள்ளே போதும், திண்ணைக்குப் போதாது. யுத்தகளத் தரமென்று சிலர் பெருமையாய் அச்சிடும் ‘மில்-ஸ்டாண்டர்ட் 810’ என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுதி. அவற்றுள் எவற்றைச் செய்வதென்று தயாரிப்பாளரே பொறுக்கிக்கொள்ளலாம். சான்று வழங்கத் தனி அதிகாரி எவருமில்லை. பி.ஐ.எஸ். முத்திரையையும் சிலர் தரத்தின் அத்தாட்சியாய் எண்ணுகின்றனர். 2013ஆம் வருஷம் முதல் மடிக்கணினிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அப்பதிவு, யந்திரம் மின்தாக்குதலும் தீயும் விளைவிக்காதென்பதற்கே சாக்ஷி. அது நன்றாய் உழைக்குமா என்பதற்கு அன்று.

விசைப்பலகையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம் நாட்டில் விற்கும் மடிக்கணினிகளில் 2010ஆம் வருஷத்து ரூபாய்க் குறி ஏறிவிட்டது. தமிழ் எழுத்து ஏறவில்லை. தமிழக சர்க்கார் தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது 1999ஆம் வருஷத்தில். தம் செலவில் லக்ஷக்கணக்கில் யந்திரம் வாங்கும் சர்க்கார், விசைகளின்மேல் தமிழ் எழுத்தையும் பொறித்துத் தரவேண்டுமென்று ஒரு வரி எழுதிக் கேட்டால் எந்தக் கம்பெனியார் மறுப்பர்?

ஞாபக சக்தி, அதாவது ராம், தனியே ஆராயத்தக்க விஷயம். விண்டோஸ் 11 ஆரம்பிப்பதற்கு 4 ஜி.பி. போதுமென்பது மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் வாக்கு. ஆரம்பிக்கும், வேலை நடவாது. 8 ஜி.பி. இன்று ஒரு மாணவனுக்குப் போதியதென்றே கொள்ளலாம். நாளைக்கும் போதுமென்று உறுதி சொல்வாரில்லை. ஆகையால் எத்தனை ஜி.பி. என்பதோடு, பின்னால் கூட்ட முடியுமா என்பதையும் கேட்கவேண்டும். மெலிந்த யந்திரங்கள் பலவற்றில் ராம் சில்லுகள் பலகையோடு பற்றுவைக்கப்பட்டிருக்கின்றன. நாம் மேலே குறித்த 7320யு வகை முழுவதும் அவ்வாறே. 2025ஆம் வருஷத்தின் பிற்பகுதியில், செயற்கை அறிவுக்கென எழும்பும் பெருங்கூடங்கள் உலகத்துச் சில்லுகளையெல்லாம் விழுங்கத் தொடங்கவே, ராம் விலை கிடுகிடுவென ஏறிற்று. உலகின் ராம் உற்பத்தியில் பெரும்பகுதி ஸாம்ஸங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அவற்றுள் மைக்ரான், சில்லறை ஜனங்களுக்கு விற்றுவந்த தன் ‘க்ரூஷியல்’ வியாபாரத்தையே விட்டொழிப்பதாக அவ்வருஷம் டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய காலத்தில் காலியாயுள்ள ஒரு ராம் துளை யந்திரத்தின் ஆயுளை இரண்டு வருஷம் நீட்டக்கூடியது. அத்துளையில் இரண்டாவது தகடு ஒன்றைச் செருகினால் ராம் இரட்டிப்பதோடு, இரண்டு வழியாகவும் செய்தி ஓடுவதால் படங்களைக் காட்டும் வேகமும் மிகும்.

சேமிப்பகத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எஸ்.எஸ்.டி. இருக்கவேண்டிய இடத்தில் இ.எம்.எம்.ஸி. என்னும் மட்டமான சில்லைப் பற்றுவைத்து விற்பதுண்டு. கழற்றி மாற்றத்தக்க என்.வி.எம்.இ. தகடா என்று கேட்டு வாங்கவேண்டும்.

நிற்க. சுதேசி விஷயத்துக்கு வருவோம். 2023ஆம் வருஷம் ஆகஸ்டு 3ஆம் தேதி, அந்நிய மடிக்கணினிகளை லைசென்ஸின்றி இறக்குமதி செய்யலாகாதென்று இந்திய சர்க்கார் உத்தரவிட்டனர். மறுநாளே அது மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் வெறும் அனுமதிச் சீட்டு முறையாய் இளகிப்போயிற்று. அதே வருஷம் மே மாதத்தில் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத் தொகையாக 17,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025ஆம் வருஷம் ஜனவரியில் சென்னையிலும் மடிக்கணினிகளைப் பூட்டி முடிக்கும் ஒரு புதிய பிரிவு திறக்கப்பட்டது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். பிராசஸர் அமெரிக்காவில் வரையப்பட்டுப் பெரும்பாலும் தைவானில் உருவாகிறதே, திரை சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிறதே, இங்கே திருகாணி முடுக்குவது சுதேசியாகுமா என்று பரிகசிப்போர் இருக்கின்றனர். 1906ஆம் வருஷம் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, காலியா, லாவோ என்ற கப்பல்களை அயல்நாட்டிலிருந்தே தருவித்தார். அதனால் அவர் முயற்சி சுதேசியன்றென்று சொல்ல எவர் துணிவார்? ஓட்டும் அதிகாரம் நம்மவர் கையில் இருந்தது.

நம் மடிக்கணினியிலோ அந்த அதிகாரம் எவர் கையில் இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய யந்திரமாயினும், அதைத் திறப்பதற்கு உரிமையும், மாற்றுவதற்குப் பேட்டரியும், பழுது பார்ப்பதற்கு வரைபடமும் நமக்கில்லையென்றால், பூட்டிய இடம் எதுவாயிருந்து என்ன பயன்? லித்தியம் பேட்டரி சில நூறு முறை நிரம்பி வடிந்தபின் தளர்வது இயற்கை. நம் நாட்டு உஷ்ணத்தில் இன்னும் விரைவாய்த் தளரும். மூன்றாவது வருஷத்தில் மாற்றவேண்டிவரும் என்பதை முதல் நாளே எதிர்பார்க்கலாம். பிரான்ஸ் தேசத்தில் 2021ஆம் வருஷம் ஜனவரி முதல், ஒவ்வொரு மடிக்கணினியும் எவ்வளவு எளிதாய்ப் பழுது பார்க்கத்தக்கதென்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விலைச் சீட்டோடு காட்டவேண்டுமென்பது சட்டம். நம் நாட்டிலும் இத்தகைய மதிப்பெண் முறையை வகுக்க நுகர்வோர் விவகார இலாகா ஒரு குழுவை நியமித்தது. 2025ஆம் வருஷத்தில் அக்குழு அறிக்கையும் தந்தது. கைபேசியோடு நின்றுவிடாமல் மடிக்கணினிக்கும் அதைக் கட்டாயமாக்கவேண்டும்.

யந்திரம் கெடாமலே செத்துப்போவதும் உண்டு. 2025ஆம் வருஷம் அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குரிய சாதாரண ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பிராசஸர்களின் ஜாபிதாவோ 2017ஆம் வருஷத்து எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன்பு சர்க்கார் வழங்கிய லக்ஷக்கணக்கான மடிக்கணினிகளுள் இன்னும் உயிரோடிருப்பவை இதனால் அநாதையாயின. ஒரு சிறு எஸ்.எஸ்.டி.யைப் பூட்டி, சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் அமைத்த பாஸ் லினக்ஸையோ அதுபோன்ற வேறொன்றையோ ஏற்றினால் அவை கிராம நூல்நிலையங்களில் இன்னும் சில வருஷம் உழைக்கும். அந்த வேலையைச் செய்ய நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிள்ளைகள் இல்லையா?

புதிதாய் வாங்கும் சரக்கைப் பொறுத்தவரை எல்காட் நிறுவனத்தாரை நாம் கேட்டுக்கொள்வது இது. மாதிரிக்குக் காட்டிய யந்திரத்தில் ஒரு திரையும் எஸ்.எஸ்.டி.யும் இருக்க, பின்னால் வரும் சரக்கில் அதே பெயரின் கீழ் வேறு மட்டமானவை நுழைவது இவ்வியாபாரத்தில் அபூர்வமன்று. ஆதலால் வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துப் பிரித்து, மாதிரியோடு ஒப்பிட்டு, கோடைக்கால உஷ்ணத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டி, அதன் முடிவைத் தமிழில் பகிரங்கமாய் வெளியிடவேண்டும். சோதனை செய்வோர் விற்போரின் ஆட்களாயிராமல், நம் பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர்களாயிருக்கட்டும். பேட்டரி, கீல், விசைப்பலகை, சார்ஜர் ஆகிய நான்குக்கும் ஐந்து வருஷம் வரை என்ன விலை, தாலூகாவில் எங்கே கிடைக்கும் என்ற விவரம் பெட்டியின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கவேண்டும். முதல்வரின் படத்துக்கு இடம் ஒதுக்கியபின் மிச்சமுள்ள இடம் அதற்குப் போதும்.