கூடாரம் அடிக்குமுன் கடலைக் கேளுங்கள்

நம் சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, பொங்கல் கழிந்ததும் கடலோரக் காட்டில் ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்கிவரலாம் என்று பேசி வருகின்றன. புளியோதரை யார் வீட்டிலிருந்து, தயிர்சாதம் யார் வீட்டிலிருந்து என்பதுவரை முடிவாகிவிட்டது. ஆனால் பெற்றோர் பலர், "கடலோரத்தில் இரவா? பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்" என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது 2004 டிசம்பர் 26. அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் பிள்ளைகளை அழைத்துச் செல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

அன்று நிக்கோபார் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்ததால் பலருக்கு ஓடவே நேரம் கிடைக்கவில்லை. லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே பழங்குடியினரோ, கடல் பின்வாங்குவதைக் கண்டதும் மேட்டு நிலத்துக்குச் சென்று உயிர் தப்பினர். அவர்களைக் காத்தது கடலைப் பற்றிய அறிவு. நம் பிள்ளைகளோ தீவிலேயே பிறந்து வளர்ந்தும், கடலை ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். ஆபத்து வரும் நாளில் இந்த அறியாமை அவர்களைக் காப்பாற்றாது.

ரயில்வேயில் பாலம் கட்டும்போது, ஆற்றில் இன்று ஓடும் தண்ணீரைப் பார்த்து உயரம் வைப்பதில்லை. பதிவாகியுள்ள மிக உயர்ந்த வெள்ள மட்டத்தைப் பார்த்தே வைப்போம். கூடாரத்துக்கும் அதே கணக்குத்தான். இங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். இந்த நாட்களை வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே காட்டிவிடும். மாலையில் அகலமாகத் தெரிந்த மணல் இரவில் இருக்காது. கரையில் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் சருகையும் கட்டைகளையும் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு நன்கு மேலேதான் கூடாரம்.

அடுத்தது முதலை. 2010 ஏப்ரலில் ஹாவ்லாக் தீவில் (இன்றைய ஸ்வராஜ் த்வீப்) கடலில் நீந்திய அமெரிக்கப் பயணி ஒருவர் முதலைக்கு இரையானார். அலையாத்திக் காட்டு ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் தங்கக் கூடாது. மீன் கழிவை நீரில் கொட்டக் கூடாது. அந்தி சாய்ந்தபின் யாரும் நீரில் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் இங்கே மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் கூடார வேலை முடிந்தாக வேண்டும்.

இடத்தையும் நாமாக முடிவு செய்ய இயலாது. வண்டூர் அருகேயுள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காத் தீவுகளில் இரவு தங்க அனுமதி இல்லை. பழங்குடியினர் பகுதிகள் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி நமக்கு மூடப்பட்டவை. எங்கே தங்கலாம், எங்கே அடுப்பு மூட்டலாம் என்பதை வனத்துறையிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற வேண்டும். ஆமைகள் முட்டையிட வரும் பருவம் அது. கரையில் பெரிய விளக்குகள் வேண்டாம். பவளத்துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. என்றாலும் காட்டுக்குள் கைபேசி எடுக்காத இடங்கள் உண்டு. ஆகவே நிலம் நெடுநேரம் ஆடினாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, யார் சொல்லுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, அந்த மேட்டுக்கு ஒருமுறை எல்லோரும் நடந்து பார்க்க வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு என் யோசனை ஒன்று. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் கடல் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்த்து நாளைக் குறிக்கும் பொறுப்பை எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமே கொடுங்கள். அவர்கள் குறித்த நாளைப் பெரியவர்கள் சரிபார்த்தால் போதும். நாம் பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள். அவர்களுக்கோ இதுதான் சொந்த ஊர். சொந்த ஊரின் கடலை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.