இரட்டைத் தோணியில் கால் வைக்கும் க்ளவுட் கணக்கு

பெரிய க்ளவுட் நிறுவனம் ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் போதும், மறுநாள் காலையில் அத்தனை பேரும் ஒரே பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். "ஒருத்தரையே நம்பினால் இப்படித்தான். இரண்டு பேரிடம் வாங்கியிருக்க வேண்டும்!"

2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையம் சறுக்கியபோதும் அதே பாட்டுதான். டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு, தானியங்கி மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் காலியாகிவிட்டது. அதை நம்பியிருந்த சேவைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. எல்லாம் சீராக அரை நாளுக்கு மேல் ஆனது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் தீபாவளி. 'மல்டி க்ளவுட்' விற்பவர்களுக்கு உலகம் முழுக்கத் தீபாவளி!

பல்லவியில் தப்பில்லை. ஆனால் அது பாதிப் பாட்டு. இரண்டு பேருக்குப் பணம் கட்டுவது வேறு. இரண்டு பேரில் யார் போனாலும் கடை திறந்திருப்பது வேறு.

கணக்கு போட்டுப் பார்த்தாலே விஷயம் புரியும். ஒரு சேவை 99.9% நேரம் இயங்குகிறது என்றால், ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் படுத்திருக்கும். அதே தரத்தில் இரண்டு சேவைகள், ஒன்று விழுந்தால் மற்றது முழு வேலையையும் தூக்கிக்கொள்ளும் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் விழும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆண்டுக்கு அரை நிமிடம்தான்! விற்பனைப் பிரதிநிதி காட்டும் எண் இதுதான்.

ஆனால் பல நிறுவனங்கள் செய்வது வேறு. லாகின் ஒருவரிடம், டேட்டாபேஸ் இன்னொருவரிடம். "நாங்களும் மல்டி க்ளவுட்" என்று பெருமை வேறு. இங்கே வாடிக்கையாளர் உள்ளே வர இரண்டுமே எழுந்து நிற்க வேண்டும். 0.999-ஐ 0.999-ஆல் பெருக்கினால் 99.8%. ஆண்டுக்கு 17 மணி நேரத்துக்கும் மேலே! இரண்டு பில்லும் அதே பில்தான், இரண்டு கம்பெனியும் அதே கம்பெனிதான். ஒரு பக்கம் அரை நிமிடம், இன்னொரு பக்கம் 17 மணி நேரம். இரட்டைத் தோணியில் கால் வைப்பது என்பது இதுதான்.

அந்த அரை நிமிடத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டுக்கும் நடுவே பொதுவான கயிறு எதுவும் இருக்கக்கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்குக்கு டேட்டா சென்டர் பஞ்சமா? பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, மையங்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்தது. அதோடு டிஎன்எஸ்ஸும் இணையத்திலிருந்து மறைந்தது. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் சொந்தக் கருவிகளும் சேர்ந்தே முடங்கின. மீள ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரண்டு க்ளவுட் வாங்கிவிட்டு இரண்டுக்கும் ஒரே டிஎன்எஸ், ஒரே லாகின், ஒரே நொடியில் ஒரே மாற்றம் என்று வைத்தால் இதே கதைதான்.

அடுத்தது கணக்குப் புத்தகம், அதாவது டேட்டா. கடையை இன்னொரு தெருவில் திறப்பது சுலபம். பேரேட்டை இரண்டு இடத்தில் ஒரே மாதிரி எழுதுவதுதான் கஷ்டம். இரண்டு பக்கமும் எழுதி முடியும்வரை காத்திருந்தால் ஒவ்வொரு விற்பனையும் தாமதம். காத்திருக்காவிட்டால், முதல் இடம் விழும்போது கடைசிச் சில நொடி விற்பனை காற்றோடு போகும். இணைப்பு அறுந்தால் ஒத்த கணக்கா, திறந்த கடையா, இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்று எரிக் ப்ரூவர் 2000-ல் சொன்னார். 2002-ல் கில்பர்ட்டும் லிஞ்சும் அதை நிரூபித்தார்கள். இரண்டு பக்கமும் "நானே முதலாளி" என்று தனித்தனியாகச் செக்கில் கையெழுத்துப் போடாமல் தடுக்க, மூன்றாவதாக ஓர் இடத்தில் ஓட்டுப் போடும் சாட்சியும் வேண்டும்.

செலவும் உண்டு. வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணம். 2024-ல் கூகுளும் அமேசானும் விலக்கு அறிவித்தார்களே என்றால், அது ஒரேயடியாகக் காலி செய்துகொண்டு போகிறவருக்கு. தினமும் நகல் அனுப்புகிறவருக்கு அல்ல.

அப்படியானால் ஒருவரிடமே சரணடைவதா? அதுவும் இல்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்தது பாடம். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வுக்காலப் பணம் அது. கூகுள் க்ளவுடில் அமைப்பின்போது ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால் அவர்களின் சந்தா அழிந்தது. இரண்டு ஊர்களில் இருந்த நகலும் சேர்ந்து போனது என்றது இருவரும் வெளியிட்ட கூட்டறிக்கை. இழப்பைக் குறைத்ததில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்புக்குப் பங்கு உண்டு. தென் கொரியாவின் டேஜான் நகரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அதிகாரிகளின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ், 858 டெராபைட், சாம்பல். "அளவு பெரிது" என்று வெளி நகல் எடுக்கவே இல்லை!

ஆகவே வரிசை இதுதான். முதலில் வேறொருவர் கையில், வேறு பாஸ்வேர்டில் ஒரு நகல். இது மலிவு, எல்லோருக்கும் கட்டாயம். அப்புறம் தடைபட்டால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு. அந்த நஷ்டம் பெரிதென்றால் மட்டுமே இரண்டாவது க்ளவுட். க்ளவுட் நிறுவனம் தரும் இழப்பீடு பில்லில் ஒரு கழிவு, அவ்வளவுதான். போன வியாபாரத்துக்கு அது பதில் சொல்லாது.

கடைசியாக ஒத்திகை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. காற்று இருக்கிறதா என்று ஒருமுறையும் பார்க்காத ஸ்டெப்னியை நம்பி நெடும்பயணம் கிளம்புவாரா யாராவது? "நாங்கள் இரண்டு க்ளவுட்" என்று மார்தட்டும் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. கூட்டம் நெரியும் ஒரு திங்கட்கிழமை காலையில், முதல் க்ளவுடை நீங்களாகவே கடைசியாக அணைத்துப் பார்த்தது எப்போது?

தேதி சொன்னால் நம்பலாம். மழுப்பினால், அது இரண்டு க்ளவுட் இல்லை, இரண்டு பில்!